அடக்கிப் பழகிய உடம்பு

இங்கே மூத்திரத்துக்குக் கைதட்டுகிறார்கள். சத்தியமாகத்தான் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஏழாம் கட்டிலருகே ஜூலி என்ற நர்ஸ் "நாற்பது!" என்று கூவிக் கைதட்டினாள். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பிறந்தநாள் இல்லம்மா, சிறுநீர். போன ஒரு மணி நேரத்தில் ஒன்றுமில்லை, இந்த ஒரு மணியில் நாற்பது மில்லிலீட்டர். சிறுநீரகம் திரும்ப வேலை செய்கிறது." கட்டிலோரம் தொங்கிய பையில் தேயிலைச் சாயம் போல ஏதோ கொஞ்சம் கிடந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏழாம் கட்டிலில் கிடந்தவர் ஒரு விவசாயி. காலில் பட்ட காயத்தின் கிருமி ரத்தத்தில் ஏறி, ரத்த அழுத்தம் சரிந்துவிட்டது. செப்டிக் ஷாக் என்பார்கள். நான் பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டவள், ஆனால் வாய் சும்மா இருக்காது. அவர் கையில் ஏறிய சின்னக் குழாயில் என்ன போகிறது என்று தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன். "வாசோபிரசின். இது நம்ம மூளையே சுரக்கிற சாமான்தான். உடம்பில் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகத்திடம் 'விடாதே, பிடித்து வை' என்று சொல்லும். அழுத்தம் விழுந்தால் ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும். இந்த நோயில் நாளாக ஆக அதன் கையிருப்பு தீர்ந்துபோகும். முதல் மருந்து மட்டும் போதாதபோது இதையும் சேர்ப்போம்" என்றாள். அப்போ இது குணமாக்குமா என்றேன். "இல்லை. கிருமியைக் கொல்ல வேறு மருந்து. இது அதுவரைக்கும் ஆளைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்."

பிடித்து வைப்பது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு இலங்கையில், லுணுகலைப் பக்கத்து எங்கள் தேயிலை மலைதான் ஞாபகம் வந்தது. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டோம். அரைக் கோப்பை தேயிலைச் சாயத்தோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நிற்போம். மலையில் கக்கூஸ் கிடையாது. செடி மறைவில் குந்தினால் அட்டை ஏறும். அதைவிடக் கேவலம் கங்காணியின் வாய். யாராவது வரிசையை விட்டு நகர்ந்தால் போதும், "என்னா, தண்ணி வண்டி கெளம்பிருச்சா?" என்று மலை முழுக்கக் கேட்கக் கத்துவான். என் கூடப்பிறந்த மெர்சி அக்கா மட்டும் திருப்பிக் கொடுப்பாள்: "ஆமாங்க கங்காணி, ஒங்க வீட்டுப் பீலிக் கொழாய் தண்ணி இல்லாம காஞ்சு கெடக்காம், அங்கதான் போறேன்." எல்லோரும் சிரிப்போம். சிரித்துவிட்டு, அவளும் சேர்த்து, எல்லோரும் மாலைவரை அடக்குவோம்.

ஒருநாள் அக்காவுக்குக் கெண்டைக்காலில், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்டது. கோப்பித்தூள் அப்பிக் கட்டினோம். நான்காம் நாள் கட்டை அவிழ்த்தபோது வந்த நாற்றத்தை எழுத எனக்கு எழுத்து இல்லை. உடம்பு சில்லிட்டு, ஏதேதோ உளறினாள். எங்கள் லயத்தில் பக்கத்து அறையில், பக்கத்துக் காம்பராவில், இருந்த ராணி வந்து, "காலையிலேருந்து ஒண்ணுக்கே போகலையாம்டி" என்றாள். அதற்கு நான் சொன்ன பதில் இது: "மலைக்குப் போற நாள்ல யாரு அக்கா போறா?" இந்த வாயால்தான் சொன்னேன். மறுநாள் பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான், கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று. எங்களுக்குத் தெரியவில்லை. அடக்கிப் பழகிய உடம்பு எது, செத்துக்கொண்டிருக்கிற உடம்பு எது என்று பிரித்துப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா அன்றே போய்விட்டாள். ஆயுசு முழுக்க அடக்கியதால்தான் அவளுக்கு அந்த வாசோபிரசின் தீர்ந்ததா என்று இங்கே ஜூலியைக் கேட்டேன். அப்படியெல்லாம் இல்லை என்றாள். சரி, இல்லை. ஆனாலும் எனக்கு அருவருப்பு போகவில்லை. அந்தக் கங்காணி மேல், கக்கூஸ் கட்டாமல் நூற்றைம்பது வருடம் தேயிலை குடித்தவர்கள் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் வாய் மேல்.

போன மாசிமாதம், இங்கே காலைத் தேநீர் நேரத்தில், அக்கா மகள் ஜெனிட்டாவின் அழைப்பு வந்தது. அவளும் மலைக்குத்தான் போகிறாள். "அட்டை கடிச்ச எடம் சொறிஞ்சு வீங்கிருச்சு சித்தி. காய்ச்சல். ஆனா கையெல்லாம் ஐஸ் மாதிரி இருக்கு."

"ஒண்ணுக்குப் போனியா?"

"என்னா சித்தி இப்படிக் கேக்குறீங்க, அசிங்கமா! நேத்து போனதுதான். மலைக்குப் போற நாள்ல எப்ப போனோம்?"

அவள் வாயில் என் வார்த்தை. "அடியே, திரீவீல் பிடி. இப்பவே பதுளைக்குப் போ. டொக்டர்கிட்ட மொதல் வார்த்தையே இதைத்தான் சொல்லணும், நேத்திலேருந்து ஒண்ணுக்குப் போகலன்னு. வெக்கப்பட்டுக்கிட்டு நின்னியோ, வந்து செருப்பாலயே அடிப்பேன்!" தேநீர் அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு கிழவர் என் தோளைத் தட்டி, "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்றார். இன்னும் இல்லை ஐயா என்று சொல்ல அந்த நேரத்தில் எனக்கு இருந்த இங்கிலீஷும் வரவில்லை.

நான் சொன்னதை அவள் டொக்டரிடம் அப்படியே சொன்னாள். நேரத்தோடு போய்ச் சேர்ந்ததால் சேலைனும் கிருமி மருந்துமே போதுமாக இருந்தது. வாசோபிரசின்வரை போகவில்லை. பிழைத்தாள். மூன்று வாரம் கழித்துத் திரும்பவும் மலைக்குப் போனாள், வேறெங்கே போவாள். தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று தினமும் போனில் குரல் பதிவு அனுப்பினேன். நேற்று அவளிடமிருந்து பதிலும் பதிவாகவே வந்தது. இந்த மாடியில் பதினோரு கழிவறைகள். பதினொன்றையும் நான்தான் தேய்க்கிறேன். கடைசி ஒன்றைத் தேய்த்து முடித்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, போனைக் காதில் வைத்தேன்.

"குடிக்கிறேன் சித்தி. குடிச்சிட்டு எங்க போறதுன்னு அதையும் சொல்லுங்க."

வெளியே யாரோ கதவைத் தட்டி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்டார்கள். என் காதில் மலைக்காற்று இரைந்துகொண்டிருந்தது. நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, பதிவை மறுபடி முதலிலிருந்து போட்டேன்.