பைபிள் உறையில் எட்டுக் குப்பி

ஞானதாசனுக்கு உள்ளங்கையில் ஒரு தராசு உண்டு. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். வெடிமருந்தைக் கையில் கொட்டி, கண்ணை மூடி, இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, "இதுல ஒரு நுள்ளு கூடுதல்" என்பார். சரிபார்க்க அங்கே வேறு தராசு எதுவும் இல்லாததால், அவர் சொன்னது இதுவரை தப்பியதே கிடையாது.

குலசேகரத்துக்கு வடக்கே, ரப்பர்த் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அவர் வீடு. வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டி ஓய்ந்தவர், இப்போது வீட்டை ஒட்டிய நிலத்தில் முந்நூறு மூடு மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, வைத்திருக்கிறார். அப்பா விட்டுப்போன நாட்டுத்துப்பாக்கி ஒன்றும், பயிர்க் காவலுக்கு மட்டும் என்று எழுதிய லைசென்ஸ் ஒன்றும் அவர் கையில் இருந்தன. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய்க் கதம்பை நாரை அடைத்து, கம்பியால் இடித்து இறுக்க வேண்டிய துப்பாக்கி அது. பன்றியைச் சுடக் கூடாது, சத்தம் போட்டு விரட்டலாம் என்று ஃபாரஸ்ட்காரர்கள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். எனவே குண்டு கிடையாது, வெறும் மருந்துதான். ஆனாலும் யாராவது கேட்டால் "வேட்டைக்குப் போறேன்" என்றுதான் சொல்வார். இத்தனை வருஷ வேட்டையில் அவருக்குக் கிடைத்தவை, அதிர்ச்சியில் சரிந்த சொந்த வீட்டு ஓடு நாலும், பயந்து பால் வற்றிய அடுத்த வீட்டு ஆடு ஒன்றும்.

மருந்தின் அளவு பற்றி மட்டும் அவரிடம் வாய் கொடுக்கக் கூடாது. ஒற்றைப் பன்றிக்கு ஓர் அளவு. குட்டி போட்ட தாய்க்கு அது போதாது, அவள் பிடிவாதக்காரி. மழை ஈரம் இருந்தால் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு வெடிக்கும் உரியதை முன்கூட்டியே அளந்து, ஹோமியோ மாத்திரைக் குப்பிகளில் அடைப்பார். பெரிய அளவுக்குச் சிவப்பு நூல், சின்ன அளவுக்கு வெள்ளை நூல். பன்றிகளுக்கு இந்த நூல் கணக்கு தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

இவற்றை எப்படிக் கொண்டுபோவது என்பது வெகுநாள் தீராத பிரச்சினையாக இருந்தது. சட்டைப் பையில் வைத்தார், குனிந்தபோது ஓடையில் கொட்டிற்று. மடியில் கட்டினார், வேலி தாண்டும்போது அவிழ்ந்தது. கடைசியில் மருமகன் ஆன்ஸ்லின்தான், தன்னை அறியாமல், வழி காட்டினான். கத்தாரிலிருந்து வரும்போது மாமனாருக்கும் மாமியாருக்கும் ஆளுக்கொன்றாக, ஜிப் வைத்த கறுப்புத் தோல் பைபிள் உறை இரண்டு கொண்டுவந்தான். மனைவி லீலாபாய் உடனே தன் பைபிளுக்குப் போட்டுக்கொண்டாள். ஞானதாசனின் பைபிள் வாங்கிய நாள்போலவே புதுசாக இருந்ததால், அதற்கு உறை தேவைப்படவில்லை. பேனா செருகும் வார்களில் குப்பி கச்சிதமாக உட்கார்ந்தது. எட்டுக் குப்பி, இடையில் பஞ்சு. இரண்டு உறைகளும் முன்னறை அலமாரியின் மேல் அக்கம்பக்கமாக இருந்தன.

"அத அங்க வைக்காதீங்க," என்றாள் லீலாபாய். "ஒரு நாளு நான் மாத்தி எடுத்துட்டுப் போவேன். கோயில்ல கரண்டு போனா மெழுகுவத்திக்க கிட்டதான் வச்சு வாசிப்பேன். பொறவு என்ன ஆவும்?"

"ஏட்டி, கையில எடுத்தா கனம் தெரியாதா? எனக்க கை பொய் சொல்லாது."

"உங்க கைய நம்பி நான் எரிஞ்சு போவணுமா?"

இதற்குப் பதில் சொல்வதைத் தன் தகுதிக்குக் குறைவாக அவர் நினைத்தார். உறைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் வந்தன. லீலாபாய் தினமும் ஐந்து மணிக்கு ஆலயத்தில் விடியற்கால ஜெபத்துக்குப் போவாள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் குளித்துக்கொண்டிருக்கும்போதே, மரச்சீனி முறிகிற சத்தம் கேட்டது. கரண்டு இல்லை. ஞானதாசன் துப்பாக்கியைத் தோளில் போட்டு, அலமாரி மேல் தடவி உறையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

தாய்ப்பன்றி ஒன்றும் ஆறு குட்டிகளும், விருந்துக்கு அழைத்ததுபோல நிதானமாகத் தோண்டித் தின்றுகொண்டிருந்தன. சிவப்பு நூல் குப்பிதான் என்று அவர் உடனே முடிவு செய்தார். துப்பாக்கிக் கட்டையைத் தரையில் ஊன்றினார். கதம்பை நாரைப் பல்லில் கடித்துக்கொண்டார். ஜிப்பை இழுத்தார். உள்ளே ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை எல்லாம் இருந்தது, மருந்து மட்டும் இல்லை.

அடுத்த வீட்டு ஷிபு வேலிக்கு அப்பாலிருந்து டார்ச் அடித்தான். பால் வற்றிய ஆட்டுக்குச் சொந்தக்காரன் அவன்தான். "மாமா, வெடி எங்க? இன்னைக்கு ஜெபம் பண்ணியா அனுப்பப் போறிய?"

ஞானதாசனுக்கு அப்போதுதான் மற்ற உறை நினைவுக்கு வந்தது. ஊரெங்கும் இருட்டு. ஆலயத்தில் இந்நேரம் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள். வாயிலிருந்த நார் கீழே விழுந்தது. பன்றியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டக் கிளம்பியவர்கள், தோளில் துப்பாக்கியும் கையில் பைபிளுமாக ஒருவர் ஓடி வருவதைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. லீலாபாய் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. விடிந்தால் அவள் வாயால் நாலு ஏச்சு கேட்காவிட்டால் அவருக்குச் சாயா இறங்காது. நாற்பது வருஷத்தில் அவளிடம் இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பதும் அந்த ஓட்டத்தில்தான் நினைவுக்கு வரவேண்டுமா?

ஆலயத்தில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் திண்டுகளில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. வாசலில் துப்பாக்கி தெரிந்ததும் பாட்டு பாதியில் நின்றது. கோயில்பிள்ளை ஜான்ரோஸ், மணியடிப்பதும் கதவு பூட்டுவதும் அவர் பொறுப்பு, மிகுந்த கடமையுணர்ச்சியோடு பலிபீடத்தின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"ஏட்டி, உறையத் தொறக்காத," என்று ஞானதாசன் கத்தினார்.

மூன்றாம் பெஞ்சில் லீலாபாய் இருந்தாள். கையில் மெழுகுவர்த்தி மட்டும்தான் இருந்தது. அதைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, எழுந்து படிக்கட்டுக்கு வந்தாள்.

"உறை எங்க?" அவருக்கு மூச்சு வாங்கியது.

"வீட்ல. நீங்க போன பொறவு பாத்தேன். எட்டு குப்பியையும் மூடி தொறந்து வாளித் தண்ணியில முக்கிப் போட்டுட்டுதான் வந்தேன்."

மூன்று வாரம் அளந்து வைத்த மருந்து. அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கிற சாக்கில் மூக்கைத் துடைத்தார்.

"மரச்சீனி?" என்று அவள் கேட்டாள்.

"போச்சு."

"போட்டும்."

உள்ளே பாட்டு மறுபடி மெதுவாகத் தொடங்கியது.

"இருட்டுல அதுதான் மருந்துன்னு உனக்கு எப்பிடி தெரிஞ்சுது? தொறந்து பாத்தியா?"

"அது தெரிய எதுக்குத் தொறக்கணும்? எடுத்ததுமே கனம் இல்ல." லீலாபாய் அவருடைய வலது கையைப் பார்த்தாள். பைபிளை அது இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தது. "ஒரு கிலோ இருக்கும் அது. வயலுக்குத் தூக்கிட்டுப் போய், அங்கேந்து இது வரைக்கும் ஓடி வந்திருக்கிய. இன்னுமா உங்க கைக்குத் தெரியல?"