நாகலாபுரத்து வத்தல்

எங்கள் மளிகைக்கடையில் மிளகாய் வத்தல் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும்போது, வத்தல் வாங்க நாகலாபுரம் போகப்போவதாக அம்மா சொன்னாள். இதைவிட மோசமான ஒரு பொய்யை உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அம்மாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. வாயில் முதலில் வந்ததைச் சொல்லிவிட்டாள். அப்பா கல்லாவில் உட்கார்ந்து சீரகப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம கடையில கெடக்கது வத்தல் இல்லாம என்ன?" என்றார்.

"அது நீட்டு வத்தல். எனக்குக் குண்டு வத்தல் வேணும்."

குண்டு வத்தலும் கடையில் இருந்தது. அம்மா நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே சாக்கு வாய் திறந்தபடி இருந்தது. அப்பா சாக்கைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னிடம், "நீயும் கூடப் போ. அம்மையை விட்டுட்டு அங்கன இங்கன போகக் கூடாது" என்றார். அன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டு. அப்பாவே என்னை மட்டம் போடச் சொன்ன அதிசயத்தில், அவர் முகம் எப்படி இருந்தது என்று கவனிக்க எனக்குத் தோன்றவில்லை.

முந்தின வருஷம் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து, மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு பக்கத்தை எடுத்திருந்தார்கள். 'எடுத்துட்டாங்க' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். எதை என்று யாரும் சொல்வதில்லை. வியாதிக்கும் எங்கள் வீட்டில் பெயர் கிடையாது. 'அது' என்றால் அதுதான். மருந்து ஏற்றினார்கள், 'கரண்டு' என்று சொல்லிக் கதிர்வீச்சு வைத்தார்கள், அம்மாவின் முடியெல்லாம் கொட்டி மறுபடி சுருட்டை சுருட்டையாக முளைத்தது. அதெல்லாம் நடந்து முடியும்வரை என்னைக் கயத்தாறில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள்.

அத்தை நல்லவள்தான். கேட்பதற்கு முன்னால் தட்டில் இரண்டாவது தோசை விழும். ஆனால் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் என் தலையைத் தடவிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். வெளியே லாரிகள் வந்து நின்று, கிளம்பி, திருநெல்வேலி ரோட்டில் போய்க்கொண்டே இருக்கும். அம்மா செத்துப்போவாள் என்று நான் பயந்ததாக நினைவில்லை. அந்த வயதில் அப்படிப் பயப்படத் தெரியாது போலும். எனக்கு இருந்த பயமெல்லாம் கயத்தாறுதான்.

அந்த மாசி மாதம் அம்மாவின் கை மறுபடியும் மார்புக்குப் போகத் தொடங்கியது. இந்தத் தடவை மிச்சமிருந்த பக்கத்துக்கு. சோறு கொதிக்கும்போது சேலைக்குள் போகும். தொட்டதும் சுட்டதுபோல் வெளியே வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி போகும். குளிக்கப் போனால் தண்ணீர் மொள்ளும் சத்தமே கேட்காது. ஒருநாள் நான் கேட்டேவிட்டேன்.

"அம்மா, திரும்பவும் கயத்தாறா?"

அம்மா அடுப்பைத் தணித்தாள். மூடியை எடுத்துப் பானையில் வைத்தாள். "அப்பாட்ட எதையும் ஒளறாத" என்றாள். ஆக, கயத்தாறுதான் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்டுவதை விட்டுவிட்டு அம்மா ஏன் நாகலாபுரத்துக்குப் புறப்பட்டாள் என்று கேட்பவர்களுக்கு, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவைத் தெரியாது. அங்கே காத்திருக்கிற பெண்கள் தங்கள் கட்டிகளைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒருத்திக்குப் புளியங்கொட்டை மாதிரி, ஒருத்திக்குச் சுண்டைவத்தல் மாதிரி, இன்னொருத்திக்குக் கடலைப்பருப்பு மாதிரி. எல்லாம் எங்கள் கடையில் இருக்கிற சாமான்கள். நம்பிக்கையானவள் என்றால் தொட்டுப் பார்க்கவும் விடுவார்கள். நழுவி ஓடுகிற, அமுக்கினால் வலிக்கிற கட்டிக்குப் பயமில்லை, வலிக்காமல் கல்லாக ஒரே இடத்தில் கிடப்பதுதான் கெட்டது என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. டாக்டரம்மா கட்டியை வெளியிலிருந்து தொட்டவள், இவர்கள் வைத்திருந்தவர்கள். யார் சொல்வதை அம்மா நம்புவாள்?

அப்படி நம்பிக்கையானவள் ஒருத்தி இருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்துப் படுக்கையில் கிடந்தவள், நாகலாபுரத்துக்காரி. அம்மாவைவிட இளையவள் என்பதால் எனக்குச் சித்தி முறை என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு அவள் ஆஸ்பத்திரிச் சித்தி. இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் ஆபரேஷன். பரிசோதனைக்குப் போகிற நாட்களில் ஒருத்திக்காக ஒருத்தி காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். கடைசித் தடவை சித்தி வரவில்லை. "வத்தல் பறிப்பா இருக்கும்" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

எட்டயபுரம், விளாத்திகுளம் என்று பஸ் போனது. ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கடம்பூர் போளிப் பொட்டலத்தை அம்மா மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கை வேறெங்கும் போகாமல் இருப்பதற்காக என்று எனக்கே தெரிந்தது.

சித்தி வீட்டை ஒட்டிய களத்தில் வத்தலைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். எங்களைக் கண்டதும் சிரித்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள்.

"அண்ணாச்சி வரலியாக்கா?"

"அவியளுக்குக் கடை இருக்கு."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் சித்தி. அம்மா தோளை லேசாக அசைத்தாள். சித்தி தலையாட்டினாள். கையைக் கழுவப் போனாள். வத்தல் கிளறிய கை என்பதால் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அவள் தண்ணீர் ஊற்றச் சொன்னபோது, சொம்பைப் பிடித்துக்கொண்டு நான் மெதுவாக, "சித்தி, அம்மாவுக்கு வந்துட்டா என்னையக் கயத்தாறுல கொண்டு விட்டுருவாக" என்றேன். அவள் கையை உதறினாள். "நீ இங்கன இருந்து கோழி வராமப் பாத்துக்கிடுதியா? நான் கேட்டுச் சொல்லுதேன்" என்று ஒரு குச்சியைக் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். அவள் வீட்டுக்காரர் லாரிக்குப் போகிறவர். வீட்டில் வேறு யாரும் இல்லை.

கோழியை நான் பார்க்கவில்லை. ஜன்னலுக்குப் போய்விட்டேன். வத்தல் நெடியில் கண்ணெல்லாம் எரிந்தது. தும்மலை அடக்கிக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் தரையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். சித்தியின் கை அம்மாவின் சேலைக்குள் இருந்தது. கண் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூட்டைக்குள் கையை விட்டுப் பருப்பின் தரம் பார்க்கும்போது அப்பாவும் இப்படித்தான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஓடுதுக்கா. பிடிச்சா நிக்காம நழுவுது. வலிக்கா?"

"அமுக்குனா வலிக்கு."

சித்தி கையை எடுத்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் கையை எடுத்துத் தன் தழும்புக்குப் பக்கத்தில், அக்குளை ஒட்டி வைத்தாள். அம்மா தொட்டாள். தொட்ட கையை எடுக்கவே இல்லை.

"ஏட்டி," என்றாள் அம்மா, "எப்பம் வந்துச்சு?"

"பொங்கலுக்கு முன்னாலயே. ஒரே மாதிரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். ஒன்னதத் தொட்டுப் பாத்தாத்தான தெரியுது."

"வலிக்கலையா?"

"இல்லக்கா. கல்லு மாதிரி அங்கனயே கெடக்கு."

அப்போது நான் தும்மிவிட்டேன்.

சித்தி எழுந்தாள், அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். சித்தி வெளியே வந்து, கோழிகள் வத்தலுக்குள் நடந்து போவதைப் பார்த்துவிட்டு, அவற்றை விரட்டக்கூடச் செய்யாமல் என் முன்னால் குனிந்தாள். "ஏட்டி, நீ கயத்தாறுக்குப் போக வேண்டாம். ஒங்க அம்மைக்கு ஒண்ணுமில்ல" என்றாள். நான் அந்தக் களத்திலேயே குதித்தேன். குச்சியை வீசிவிட்டு, சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு மறுபடி குதித்தேன். நான் குதிப்பதைப் பார்த்துச் சித்தி சிரித்தாள். அம்மா வாசலுக்கு வரவில்லை.

மத்தியானம் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அவர்கள் இருவரும் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள். புறப்படும்போது ஒரு மஞ்சப்பை நிறையக் குண்டு வத்தல் கொடுத்தாள் சித்தி. "அண்ணாச்சிட்ட வெறுங்கையோட போய் நிக்காதக்கா" என்றாள். அந்தப் பொய்யை அம்மா அவளிடம் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்து எனக்கு வெட்கமாக இருந்தது.

பஸ் வந்தது. நான் ஏறி ஜன்னலோரம் பிடித்தும்விட்டேன். அம்மா படியில் ஒரு காலை வைத்தாள், எடுத்தாள். "ஏட்டி, எறங்கு" என்றாள். கண்டக்டர் ஏதோ முனகினார். அம்மா வந்த வழியே வேகமாக நடந்தாள். மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

சித்தி களத்தில் உட்கார்ந்திருந்தாள். வத்தலைக் கிளறவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"பொறப்படு. நாளைக்கு மதுரைக்குப் போறோம்" என்றாள் அம்மா.

"நீ போய்க் காட்டிட்டு வாக்கா. நான் இந்த வத்தல அள்ளிக் குடுத்துட்டு வாரேன்."

"நீ வராம நான் போமாட்டேன்."

"ஒனக்குத்தான் ஒண்ணுமில்லங்கேன்."

"அத நீ சொன்னாப் போதுமா? டாக்டரம்மா சொல்லாண்டாமா?" அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ வரலைன்னா நானும் காட்டமாட்டேன். எனக்கு என்ன வந்தாலும் வந்துட்டுப் போகுது. ஒம்மேலதான் பழி."

அம்மா அப்படி யாரையும் மிரட்டி நான் பார்த்ததில்லை. காலையில் அந்தச் சித்தியின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்காக அவ்வளவு தூரம் வந்தவள், அந்த வார்த்தை கிடைத்த பிறகு அது வேண்டாம் என்று நிற்கிறாள். எனக்குக் கோபமாக வந்தது. நல்லபடியாக முடிந்த ஒரு விஷயத்தை இவள் ஏன் மறுபடி கிளப்புகிறாள்? சித்தி துண்டை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். பக்கத்து வீட்டில் வத்தலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எங்களோடு அடுத்த பஸ் ஏறினாள்.

அப்பா கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மஞ்சப்பையையும் சித்தியையும் பார்த்தார். "மதுரைக்கு முதல் பஸ்லயே போயிருவோம்" என்றார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மதுரையில் டாக்டரம்மா இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத் திட்டினாளாம். கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல நீங்கள் யார், ஓடினாலும் நின்றாலும் வலித்தாலும் வலிக்காவிட்டாலும் இங்கேதான் வரவேண்டும் என்றாளாம். அம்மாவுக்கு இருந்தது நீர்க்கட்டி. ஊசியை விட்டு உறிஞ்சிப் பரிசோதித்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சித்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்குத் துணைக்கு ஆள் இல்லாததால் அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். அப்பா மட்டும் திரும்பி வந்து, என் துணிமணிகளை ஒரு பைக்குள் வைத்து, என்னைக் கயத்தாறுக்குப் பஸ் ஏற்றினார்.

நான் போட்ட கூப்பாடு அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். அத்தை வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தேன். அப்பா கொடுத்துவிட்டிருந்த மஞ்சப்பையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்த்த அத்தை, "ஒங்க சித்தி நல்ல வத்தலாத்தான் குடுத்திருக்கா" என்றாள்.

"அந்தச் சித்தி பொய் சொல்லுவா" என்றேன். "கயத்தாறுக்குப் போக வேண்டாம்னு சொன்னா."

அத்தை என் தலையைத் தடவவில்லை. வத்தலைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சித்தி அதற்குப் பிறகு சில வருஷம் இருந்தாள். மாசி பிறந்தால் எங்கள் வீட்டுக்கு மஞ்சப்பை வரும். வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிற அப்பா, வீட்டுக் குழம்புக்கு அதைத்தான் அரைக்கச் சொல்வார். பிறகு ஒரு மாசியில் பை வரவில்லை. அம்மா இப்போதும் இருக்கிறாள். கை இப்போதும் சேலைக்குள் போய்விட்டு வருகிறது.

அன்றைக்குச் சித்தி உள்ளே இருந்து வந்து என் முன்னால் குனிந்தாளே, அதற்குச் சற்று முன்னால்தான் அவளுக்குத் தன் கட்டி எப்படிப்பட்டது என்று தெரிந்திருந்தது. அம்மாவின் கட்டியைத் தொட்ட பிறகே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு வந்து, கேட்டுச் சொல்லுவதாக ஒரு பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை முதலில் காப்பாற்றினாள். நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அவள் சிரித்தாள். சிரித்ததால் அவளுக்கும் ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.