குளிர் என்ற விடை

வரும் ஆண்டுப் புதிர்ப்போட்டியின் இடைவேளையில் கறிபாப்புக்குப் பதிலாக மசால்வடை வழங்குவது என்று, நீண்ட விவாதத்துக்குப் பின், எங்கள் சங்கத்தின் செயற்குழு சென்ற வாரம் தீர்மானித்தது. எதிர்த்து வாக்களித்தவர்களும் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் செயலாளரின் கைபேசி ஒலித்தது. ஜமால் அண்ணன் காலமாகிவிட்டார்.

அவர் ஓய்வுபெற்ற இயற்பியல் விரிவுரையாளர். ஒருகாலத்தில் எங்கள் போட்டியின் நடுவர். அந்தப் பொறுப்பு போனதற்குக் காரணம் ஓர் இறுதிச் சுற்று.

கேள்வி இது: உயரப் பறக்கும் விமானம், தரையருகே பறப்பதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஒலியை முந்திவிடுகிறது. ஏன்? புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்த கவிதா என்ற மாணவி, "மேலே குளிர். குளிரில் ஒலி மெதுவாகப் போகும்" என்றாள். செயற்குழு அங்கீகரித்த விடையோ, காற்று மெலிந்திருப்பதால் என்பது. கோப்பை எதிரணிக்கு என்றார் தலைவர். பரிசளிக்க வந்திருந்த சிறப்பு விருந்தினர், டத்தோ பட்டம் பெற்றவர், கோப்பையைக் கையில் எடுத்தார்.

ஜமால் அண்ணன் எழுந்தார். "பிள்ளை சொன்னதுதான் சரி."

"அண்ணே, டத்தோ கோப்பையைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு லா" என்றார் தலைவர்.

"கீழே வைக்கச் சொல்லுங்க. கை வலிக்கும்."

நடுவர் கையொப்பமிடாமல் முடிவு செல்லாது. அவர் கையொப்பமிடவில்லை. டத்தோ பொன்னாடையுடன் வீடு திரும்பினார். கோப்பை அலமாரிக்குத் திரும்பியது.

பிறகொரு நாள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சாப்பிடும்போது, காற்று மெலிவதில் என்ன தவறு என்று கேட்டேன்.

"மெலிஞ்சா அழுத்தமும் குறையுது, அடர்த்தியும் குறையுது. ரெண்டும் சரிக்குச் சரி, அதனால ஒலியோட வேகம் மாறாது. மிச்சம் இருக்கிறது வெப்பநிலைதான். இந்தக் கடைவாசல்ல ஒலி மணிக்கு ஆயிரத்து இருநூத்தம்பது கிலோமீட்டர் போகும். விமானம் பறக்கிற உயரத்துல உறைய வைக்கிற குளிர், ஆயிரத்து அறுபதுதான். அதான் அங்க முந்துறது லேசு." இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார். "அதுக்கும் மேல காத்து மெலிஞ்சுக்கிட்டே போகும். ஆனா குளிர் ஓர் அளவோட நின்னுடும். ஒலியோட வேகமும் அப்புறம் குறையாது. காத்து மேல பழி போடாதீங்க லா."

"ஒரு கோப்பைக்கா அண்ணே இவ்வளவு?"

"கோப்பை கிடக்கட்டும். சரியாச் சொன்ன பிள்ளை, தப்பாச் சொல்லிட்டோம்னு நினைச்சுக்கிட்டே வளரக் கூடாது."

கவிதாவின் விடை சரியென அறிவிக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் செயற்குழுவில் கோரினார். ஆண்டுதோறும் நேரம் போதவில்லை. "அடுத்த தடவை பார்ப்போம்" என்று ஒரு கறிபாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்: யாருடைய விடையையும் தவறென்பதற்கு முன், என் கையிலிருக்கும் விடையைச் சந்தேகிக்கிறேன்.

சென்ற வாரக் கூட்டத்தில் மசால்வடைக்கு அடுத்து எடுக்க வேண்டியிருந்தது அவருடைய கோரிக்கைதான். அவருக்கு மரியாதை செலுத்தும் விதமாகக் கூட்டத்தை அத்துடன் முடித்துக்கொண்டோம்.