அம்பயர் ஒன்றும் சொல்லவில்லை

என் மகள் பள்ளிக்கூடத்தில் பேஸ்போல் விளையாடினாள். அவளை வீட்டுக்குக் கூட்டிவரப் போய் மைதான ஓரத்தில் நிற்பதோடு என் வேலை முடிந்தது. விளையாட்டில் ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஒரு சனிக்கிழமை வரவேண்டிய அம்பயர் வரவில்லை. சும்மா நின்ற தகப்பன்மாரில் தொப்பி போட்டிருந்தவன் நான் மட்டும்தான். அந்த ஒரே தகுதியை வைத்து என்னைப் பிடித்து, ஓடுபவர் தொட்டுப் போகும் முதலாம் பேஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பிறகு மகள் படிப்பு, வேலை என்று விளையாட்டை விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

ஏன் விடவில்லை என்று மனைவி இன்றுவரை கேட்கிறாள். கண்டி டவுனில் ஒரு கந்தோரில் வேலை எனக்கு. அங்கே நான் சொல்லி ஒரு ஜன்னலைக்கூட யாரும் சாத்தமாட்டார்கள். மைதானத்தில் பந்தை அடிக்காமல் விட்டவனைப் பார்த்து நான் மூன்றாம் தடவை வாயைத் திறந்து "ஸ்ட்ரைக்" என்றால் ஆறடி உயர ஆள் தலையைக் குனிந்துகொண்டு போகிறான். இந்தச் சுகத்தை யார் விடுவார்?

ஆனால் பேஸ் பக்கத்தில் நிற்பது வேறு, ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்பது வேறு. ஹோம் பிளேட் என்பது மண்ணோடு பதித்த வெள்ளை ரப்பர் தட்டு. பந்தை அடிப்பவர் அதன் பக்கத்தில் நிற்பார். பின்னால் கெச்சர் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பார். கெச்சரின் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு பிரதான அம்பயர் குனிந்து நிற்கவேண்டும். ஓடுபவர் எல்லா பேஸையும் சுற்றி வந்து கடைசியில் இந்தத் தட்டைத் தொட்டால்தான் ஓட்டம். மொத்தத்தில் ஆட்டத்தின் சண்டை எல்லாம் வந்து முடிகிற இடம் அது. அங்கே நிற்கத்தான் எனக்கு ஆசை.

முதல் தடவை தட்டுக்குப் பின்னால் நின்றபோது என்னிடம் சொந்தமாக இருந்தது ஒரு விசில் மட்டும். பேஸ்போல் அம்பயருக்கு விசில் தேவையில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நெஞ்சுக் கவசம் இரவல். என்னைவிட மெலிந்த யாரோ ஒருவருடையது. சட்டைக்குள்ளே அதைக் கட்டியதும் முன்பக்கம் பலாக்காய் மாதிரித் தள்ளிக்கொண்டு நின்றது. முகக்கவசத்துக்குள் மூக்குக்கண்ணாடி புகையேறிப் பந்து வருவதே தெரியவில்லை. தெரிந்த நேரங்களில் கண்ணை மூடிக்கொண்டேன்.

போதாக்குறைக்கு நான் பழைய கிரிக்கெட்காரன். தேயிலைத் தோட்டத்து டூர்னமெண்டுகளில் அம்பயராக நின்ற பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. அன்று ஒரு பந்து வெளியே எங்கேயோ போனது. என் இரண்டு கைகளும் தாமாகவே பக்கவாட்டில் விரிந்தன. கிரிக்கெட்டில் அது வைட். பேஸ்போலில் அது சேஃப், அதாவது ஓடுபவர் தப்பிவிட்டார் என்று அர்த்தம். அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்தவர் ஒருவரும் இல்லை. யார் தப்பினார் என்று இரண்டு அணிகளும் சுற்றுமுற்றும் பார்த்தன. ஓரத்தில் இருந்த ஒரு தகப்பனார் மட்டும் கைதட்டி, "ஒரு ரன் கூட்டுங்க!" என்று கத்தினார். அவரும் என் ஆள்.

எங்கள் பகுதியில் எந்த மெட்சுக்கு எந்த அம்பயர் என்று பிரிப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் வங்கியில் வேலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். விதிகள் எல்லாம் விரல்நுனியில். அவர் என்னை அண்ணை என்பார். நான் தம்பி என்பேன். மைதானத்துக்குள் மட்டும் ஒருவரையொருவர் 'சேர்' என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். அவர் என்னை விரட்டிவிடாமல் வேலை பழக்கியது என் அதிர்ஷ்டம்.

"அண்ணை, நீங்கள் பந்து வரமுதலே தீர்ப்புச் சொல்லுறீங்கள். ஏன் அவசரம்? பஸ்ஸே பிடிக்கப் போறீங்கள்?"

"கேட்டுருவாங்களோன்னு பயம் தம்பி. அதான் முந்திக்கிறேன்."

"முந்தாதேங்கோ. கெச்சரின்ர கையில பந்து விழுந்த சத்தம் கேக்கட்டும். ஒரு மூச்சு விடுங்கோ. பிறகு சொல்லுங்கோ."

அந்த ஒரு மூச்சைப் பழக எனக்கு மாதக்கணக்கு எடுத்தது. காலை எங்கே வைப்பது, தலையை ஆட்டாமல் எப்படிக் குனிவது, அடித்த பந்து மேலே போனால் முகக்கவசத்தை இடக்கையால் கழற்றிக்கொண்டு எந்தப் பக்கம் நகர்வது என்று எல்லாவற்றையும் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் செய்து பார்த்தேன். ஒருநாள் நான் "ஸ்ட்ரைக்!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"என்னங்க, ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

"பயிற்சி."

"கையில என்ன அது?"

'போல்' எனப்படும் தப்பான எறிகள், ஸ்ட்ரைக், அவுட் மூன்றையும் எண்ணுவதற்கு உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்ளும் சின்னக் கருவி. சக்கரத்தை விரலால் தள்ளினால் இலக்கம் மாறும். அதை விளக்கினேன்.

"அப்ப சும்மா நிக்காம குக்கர் விசில எண்ணுங்க. மூணு வந்ததும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். பருப்பு அன்று நன்றாகத்தான் வெந்தது.

கவசங்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். கொழும்பிலிருந்து ஒருவர் விற்ற பழைய முகக்கவசம், என் வயிற்றை மதிக்கிற அளவில் ஒரு நெஞ்சுக் கவசம், காலுக்கு, பிறகு மற்ற இடத்துக்கு. அந்த மற்ற இடத்துக் கவசத்தை வாங்கிய பிறகுதான் நான் கண்ணை மூடுவது நின்றது. தைரியம் எங்கே இருக்கிறது என்று பெரியவர்கள் என்னென்னவோ சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லிவிட்டேன்.

இவ்வளவும் திருந்தியும் ஒரு வியாதி மட்டும் போகவில்லை. நெருக்கடி வந்தால் நான் உறைந்துபோவேன். ஒரு மெட்சில் ஓடுபவரும் பந்தும் ஒன்றாகத் தட்டுக்கு வந்து புழுதி கிளம்பியது. நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். ஆனால் கையும் வரவில்லை, வாயும் வரவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்க, நான் தூரத்து மலையைப் பார்த்தேன். கடைசியில் வங்கித் தம்பி பேஸ் பக்கத்திலிருந்து ஓடிவந்து "சேஃப்" என்று கையை விரித்தார். அன்றிலிருந்து சிங்களப் பையன்கள் எனக்கு வைத்த பெயர் 'பிளிமய'. சிலை என்று அர்த்தம். பகிடிக்கு வைத்த பெயராக இருந்தாலும் பொருத்தமாக வைத்திருந்தார்கள்.

அந்த வாரமே தம்பி போனில் கோல் எடுத்தார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. வாற ஞாயிறு வத்தேகமப் பக்கம் ஒரு மெட்ச் இருக்கு. தட்டுக்குப் பின்னால நீங்கள்தான். நான் பேஸில நிக்கிறன். அதிலயும் திரும்பச் சிலையா நிண்டா இனி உங்களுக்குப் பேஸ் மட்டும்தான். நான் என்ன செய்ய? ரெண்டு டீமும் எனக்கெல்லோ கோல் எடுத்துப் பேசினம்."

"சரி தம்பி" என்றேன். போனை வைத்துவிட்டு விதிப்புத்தகத்தைத் தேடினேன்.

ஞாயிறு வரை கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் விதிப்புத்தகத்தோடுதான் பயணம். விதிகளில் ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. ஓடுபவர் தட்டைத் தொடாமல் தாண்டிப்போய், கெச்சரும் அவரை அவுட்டாக்க அவர்மீது பந்தை வைக்கத் தவறினால், அம்பயர் சேஃப் என்றும் சொல்லக்கூடாது, அவுட் என்றும் சொல்லக்கூடாது. ஒரு சைகையும் காட்டக்கூடாது. ஓடியவர் திரும்பி வந்து தொடவேண்டும், அல்லது எதிரணி கண்டுபிடித்து "அவன் தொடவில்லை" என்று முறையிடவேண்டும். அதுவரை அம்பயர் பேசாமல் நிற்கவேண்டும். ஒருவரும் கண்டுபிடிக்காமல் மைதானத்தை விட்டுப் போய்விட்டால் ஓட்டம் ஓட்டம்தான். வாசித்துவிட்டுச் சிரித்தேன். என்னைப் போன்ற வாயாடிக்கு இப்படி ஒரு விதியா என்று பக்கத்தைப் புரட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பழைய மாணவர் அணிகள். வளர்ந்த ஆட்கள், கோபமும் வளர்ந்திருந்தது. நக்கிள்ஸ் மலைப் பக்கமிருந்து காலையில் ஒரு மழை இறங்கிவிட்டுப் போயிருந்ததால் மண் ஈரம். ஆட்டம் அமைதியாகப் போனது. நானும் ஒரு மூச்சு விட்டு விட்டுத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்தேன். இடையில் ஒருமுறை தம்பி தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினார். அப்போதே எனக்குப் பயம் பிடித்தது. யாராவது என்னைப் பாராட்டினால் அடுத்தது ஏதோ வருகிறது.

கடைசி இன்னிங்ஸ். இரண்டு அணிக்கும் சமமான ஓட்டங்கள். இரண்டாம் பேஸில் ஒருவன் நிற்கிறான், அவன் வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. பந்து வலப்பக்கம் அடிபட்டது. முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நகர்ந்தேன். பந்து தூரத்திலிருந்து எறிபட்டு வந்தது, அவனும் வந்தான். கெச்சர் பந்தைப் பிடித்துத் திரும்பி, அவனைத் தொடுவதற்குப் பந்தோடு கையுறையை வீசினான். அவன் வளைந்து, ஈர மண்ணில் சறுக்கிக்கொண்டு, கையைத் தட்டை நோக்கி நீட்டினான்.

கெச்சரின் கையுறை அவனில் படவில்லை. அவன் கை தட்டில் படவில்லை. தட்டின் ஓரத்துக்கு மேலால், ஒரு விரலளவு காற்றில் போனது.

நான் பார்த்தேன். ஒரு மூச்சு விட்டேன். பிறகு இன்னொரு மூச்சு. அதற்குப் பிறகு விடுவதற்கு என்னிடம் மூச்சு இருக்கவில்லை.

வென்றுவிட்டோம் என்று அவனுடைய ஆட்கள் பாய்ந்து வந்து அவனைத் தோளில் தூக்கினார்கள். தட்டைத் தொடாத ஆள் இப்போது தரையையும் தொடவில்லை. கெச்சர் கையுறைக்குள் பந்தோடு என் முகத்துக்கு நேரே வந்தான்.

"அம்பயர், அவுட் நேத? கியன்ன!" அவுட்தானே, சொல்லுங்கள் என்கிறான்.

நான் சொல்லவில்லை.

"சேஃப்த?"

அதையும் சொல்லவில்லை. என் கைகள் சேஃப் என்று விரியப் பார்த்தன. விரித்தால் எல்லாம் முடிந்துவிடும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். எண்ணுகிற கருவியை ஒரு கையிலும் முகக்கவசத்தை மறு கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அதே ஆள், அதே முழி, அதே மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சரியான வேலை என் பழைய வியாதியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தது.

"பிளிமய!" என்று ஓரத்திலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்புக் கேட்டது.

பேஸ் பக்கத்திலிருந்து தம்பி என்னை நோக்கி ஓடிவரத் தொடங்கினார். போன தடவை மாதிரியே வந்து கையை விரிக்கப் போகிறார். அவர் நின்ற இடத்திலிருந்து தட்டின் இந்த ஓரம் தெரிந்திருக்காது. வாயால் நிறுத்தமுடியாது. ஒரு சொல் சொன்னாலும் எதிரணிக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி. ஆகவே முறைத்தேன். கல்யாணமான காலத்திலிருந்து வீட்டில் முறைக்காத முறைப்பு எல்லாவற்றையும் சேர்த்து முறைத்தேன். அவர் பாதி வழியில் நின்றார்.

கெச்சர் விடவில்லை. எனக்குக் கண் தெரியுமா என்று கேட்டான். நித்திரையா என்று கேட்டான். எவ்வளவு வாங்கினேன் என்றும் கேட்டான். கேட்கக்கூடாதது எல்லாம் கேட்டான், கேட்கவேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. இதே ஆள் கிரிக்கெட் விளையாடினால் பந்து காலுக்குப் பக்கத்தால் போனாலே அவுட் என்று ஊர் கேட்கக் கத்துவான். தட்டுக்குப் பக்கத்தில் பந்தோடு நின்றுகொண்டு, "அவன் தொடவில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மனதுக்குள் அவனுக்காகப் பிரார்த்தித்தேன். மற்றவனுக்காகவும் பிரார்த்தித்தேன், திரும்பி வந்து தொட்டுவிட்டுப் போகட்டும் என்று. அம்பயர் பக்கச்சார்பில்லாமல் பிரார்த்திக்கவேண்டும்.

ஒருவரும் வரவில்லை. கெச்சர் பந்தை மண்ணில் எறிந்துவிட்டுப் போனான். அவன் பின்னால் மற்றவர்களும் போனார்கள். கடைசி ஆள் மைதானக் கோட்டைத் தாண்டியதும் ஆட்டம் முடிந்தது, ஓட்டம் ஓட்டமானது.

தம்பி வந்தார். முகத்தில் கோபமில்லை, கவலை. அது கோபத்தைவிட மோசம்.

"அண்ணை... என்ன இது? திரும்பவும்?"

"அவன் தட்டைத் தொடல தம்பி. கெச்சரும் அவனைத் தொடல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தட்டைப் பார்த்தார். சறுக்கிய தடம் ஈர மண்ணில் தட்டுக்கு வெளியால் வளைந்து போயிருந்தது. தட்டின் ஓரத்தில் ஒரு சேற்று விரல்கூட இல்லை. தடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அதுக்குத்தான் என்னை முறைச்சீங்களோ? நான் ஏதோ வலிப்பு வரப்போகுதெண்டு பயந்துபோனன்."

"அதுவும் வந்திருக்கும்."

"உண்மையைச் சொல்லுங்கோ. விதி தெரிஞ்சு நிண்டனீங்களோ, பயத்தில நிண்டனீங்களோ?"

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் யோசித்தேன். பெருமையாக ஏதாவது சொல்லலாம். அவர் நம்பியும் இருப்பார்.

"பயந்துகிட்டேதான் தம்பி நின்னேன். ஆனா பயப்படாட்டியும் அங்கதான் நின்னிருப்பேன்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. தூரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கெச்சர் எங்களைத் திரும்பிப் பார்த்தான். தோற்ற அணிக்கு முன்னால் இரண்டு அம்பயர்கள் சிரிப்பது நல்ல முறையில்லை. தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாற ஞாயிறு பேராதனைப் பக்கம்" என்றார். "தட்டுக்குப் பின்னால நீங்கள்தான். ஆனா ஒண்டு அண்ணை, உந்தக் கதை வெளியில போனா இனி நீங்கள் உண்மையாப் பயந்து நிண்டாலும், ஏதோ விதிதான் எண்டு எல்லாரும் நினைக்கப்போகினம்."

"அப்ப நீங்களே எல்லாருக்கும் சொல்லிருங்க தம்பி" என்றேன்.