சந்தனப் பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

மூன்று வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை அன்று மத்தியானம், திண்டுக்கல்லில் என் ஸ்டுடியோவில் நடந்தது இது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாடிக் கடை. கல்யாணத்துக்குப் படம் எடுத்து ஆல்பம் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். படம் எடுப்பது நான். அதைக் கம்ப்யூட்டரில் அழகாக்கி ஆல்பம் ஆக்குவது, எட்டு வருடமாக என்னிடம் வேலை பார்க்கும் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை ‘அண்ணே’ என்பாள். ஆனால் கடைக்கு யார் முதலாளி என்று வருகிறவர்களுக்கே சந்தேகம் வரும்படிதான் நடந்துகொள்வாள்.

நான் கிறிஸ்தவன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதோடு என் பக்தி முடிந்துவிடும். ஆனால் தெருவே ஆயுத பூஜை கொண்டாடும்போது நம் கடை மட்டும் மூடிக் கிடக்கக் கூடாது என்று அவள் வேலைக்கு வந்த வருடமே சொல்லிவிட்டாள். அதிலிருந்து பொரியும் சுண்டலும் வாங்கி வருவது என் பொறுப்பு, மற்றதெல்லாம் அவள் பொறுப்பு. கேமரா, லென்ஸ், ஸ்டாண்ட், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் துடைத்து வாழை இலையில் வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் இடுவாள். மறுநாள் காலையில் மறுபடி சூடம் காட்டிய பிறகுதான் எதையும் தொட விடுவாள்.

அந்த வருடம் கம்ப்யூட்டருக்குப் பின்னால் எப்போதும் செருகியே கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றி இலையில் வைத்திருந்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களின் இன்னொரு பிரதி அதில் இருக்கும். இதுக்குமா பொட்டு என்று கிண்டல் செய்தேன்.

“அதுவுந்தானண்ணே வருசம் பூராம் ஒழைக்குது” என்றாள்.

அப்போதுதான் போன் வந்தது. ஆயக்குடிப் பக்கம், கொய்யாத் தோட்டக்காரர் ஒருவர் வீட்டில் ஆவணியில் நான் படம் எடுத்த கல்யாணத்தின் மணப்பெண். “ஏனுங்க, அப்பா தவறிட்டாருங்க” என்றாள். பத்து நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய படத்தில் அப்பா அப்பா மாதிரியே இல்லையாம். “கல்யாணத்துல ஒண்ணு சிரிச்சாப்ல எடுத்தீங்களே, அது வேணுங்க. நாளன்னைக்கு வந்து வாங்கிக்கிறேனுங்க.”

எனக்கு அவரை நன்றாக ஞாபகம் இருந்தது. கேமராவைத் தூக்கினாலே விறைத்துக்கொள்கிற மனிதர். பந்தி வாசலில் ஒரு பேரக்குழந்தை அவர் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தபோது மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஒரு தடவைதான் அவர் சிரிப்பு எனக்கு அகப்பட்டது.

அவள் கேட்டது இரண்டு நாள் கழித்துத்தான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

“இன்னிக்கு ஒருநா அதுகளச் சும்மா விடுங்கண்ணே” என்றாள் இவள். சாவு வீட்டு வேலை என்றதும் வழி விட்டாள். பழக்கத்தில், ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துச் செருகு என்றேன். அதற்கு மட்டும் மசியவில்லை. படம்தான் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதே, அது இலையில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

படம் கொஞ்சம் ஆடியிருந்தது. எங்கள் போட்டோகிராபர்கள் வாட்ஸ்அப் குழுவில், முகத்தைத் துல்லியமாக்கும் சாப்ட்வேர் ஒன்றை யாரோ இலவசமாகப் போட்டிருந்தார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியதன் திருட்டுப் பிரதி. வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. கடையில் பாதி சாப்ட்வேர் அப்படி ஏற்றியதுதான் என்பதால் எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. அணைத்தேன், ஏற்றினேன்.

செத்த நேரத்தில் கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பித்தது. பிறகு என் கண் முன்னாலேயே படங்கள் ஒவ்வொன்றாக வெறும் வெள்ளைத் தாளாக மாறின. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் என்னவோ எழுத்துகள் முளைத்தன. கடைசியில் திரை முழுக்க ஆங்கிலம். உன் படங்களைப் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் பணம் அனுப்பு என்று இருந்தது. அந்த ஆவணியில் எடுத்த கல்யாணம் அத்தனையும் அதில்தான் இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது என் மனதில் இருந்தது துண்டு இழுபட்ட அந்தச் சிரிப்பு ஒன்றுதான். கேமரா கார்டையும் அடுத்த கல்யாணத்துக்காக ஆவணியிலேயே அழித்திருந்தேன்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். “ஏலே, மொதல்ல நெட்டு வயரப் புடுங்கு. காசு அனுப்பிராத, வாங்கிட்டுத் தொறப்பான்னு ஒண்ணும் நிச்சயமில்ல” என்றவன், வேறு பிரதி எங்கே என்று கேட்டான். ஹார்ட் டிஸ்க்கில், அது எப்போதும் செருகியேதான் இருக்கும் என்றேன். அப்படியென்றால் அதுவும் போயிருக்கும் என்றான். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். பொரிக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவில், நெற்றியில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தது அது.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு, உடனே செருகிப் பார்த்துவிட வேண்டும் என்று கேபிளோடு இலைக்குப் பாய்ந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்குக் காலையில் சூடம் காட்டாமல் எடுக்க விட மாட்டேன் என்றாள். எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் கத்தினேன். அவள் கண் கலங்கியது, ஆனால் பிடி தளரவில்லை. கோபத்தோடு போனை எடுத்து நண்பனிடம் நடந்ததைச் சொன்னேன்.

“கையெடுத்துக் கும்பிடுறேன், அந்த மிசின்ல மட்டும் சொருகிராத” என்றான் அவன். “சொருகுன, அதையும் சேத்துப் பூட்டிரும்.”

கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கழற்றி வைத்ததால் ஒரு தடவை, பிடித்து நிறுத்தியதால் ஒரு தடவை என்று ஒரே நாளில் இரண்டு முறை காப்பாற்றியிருந்தாள். அவளுக்கு அது தெரியாது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இன்னொரு பயமும் இருந்தது. ஞாபகம் வந்தால்தான் நான் பிரதி எடுத்து வைப்பேன். ஆயக்குடிக் கல்யாணத்தை எடுத்து வைத்தேனா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மறுநாள் அவள் சீக்கிரமே குளித்துவிட்டு வந்து, சூடம் காட்டி, ஹார்ட் டிஸ்க்கை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தாள். நண்பன் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தான். கடைசியில் ஆயக்குடி என்று பெயர் போட்ட ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தால் அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

“புள்ள துண்ட விடவே மாட்டேங்குது பாருங்க” என்று அவள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். சுண்டல் நன்றாக இல்லை, அடுத்த வருடம் வேறு கடையில் வாங்குங்கள் என்று பதில் வந்தது. கடைசியாகப் பிரதி எடுத்ததற்கு அப்புறம் அவள் செய்திருந்த இரண்டு வார ஆல்பம் வேலை அத்தனையும் போயிருந்தது. ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் முதலிலிருந்து செய்தாள்.

ஆயக்குடிப் பெண் வந்தபோது படத்தை ஆடியிருந்தபடியே பெரிதாக்கிக் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தாள். “எங்கப்பாவேதானுங்க” என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

இப்போது கடையில் திருட்டு சாப்ட்வேர் ஒன்றுகூடக் கிடையாது. ஹார்ட் டிஸ்க் இரண்டு இருக்கிறது. சனிக்கிழமை தோறும் பிரதி எடுத்து முடித்ததும் கழற்றி, ஒன்றைக் கடை அலமாரியில் வைக்கிறோம், இன்னொன்று அவளுடைய சாப்பாட்டுப் பையில் நத்தம் ரோட்டிலுள்ள அவள் வீட்டுக்குப் போகிறது. கழற்றியதும் இரண்டுக்கும் ஒரு சின்னப் பொட்டு வைப்பாள், நான் இப்போது கிண்டல் செய்வதில்லை. இன்றைக்கும் அவசரத்தில் எதையாவது அழுத்தப் போனால் என் மணிக்கட்டில் அந்தப் பிடி தெரிகிறது. ஆயக்குடியில் ஒரு வீட்டுச் சுவரில் ஒரு அப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருப்பது அந்தப் பிடியால்தான்.