கறை விடாத தைலம்

என் மேசை இழுப்பறையில் ஒரு வெள்ளைத்தாள் இருக்கிறது. அதில் பென்சிலால் போட்ட இரண்டு வட்டங்கள். ஒன்றுக்குள் எண்ணெய்க் கறை மஞ்சளாகப் படிந்திருக்கிறது. இன்னொன்றுக்குள் ஒன்றுமில்லை. அந்த இரண்டாவது வட்டத்தை என்னால் அதிக நேரம் பார்க்க முடிவதில்லை.

திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகள். இது நடந்தபோது அவளுக்கு மூன்று வயது. மழை தொடங்கினால் மூக்கடைத்துக்கொள்ளும். வறுத்த ஓமத்தைத் துணியில் முடிந்து, அதில் பன்னிரண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம் விட்டு, சட்டைக் கழுத்தில் ஊக்கு போட்டுக் குத்திவிடுவாள் என் மனைவி. அந்தப் பன்னிரண்டை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய தைலத்துக்கு அவ்வளவு விட்டால்தான் வாசம் வந்தது.

அந்தத் தைலத்தின் மேல் எனக்குச் சந்தேகம். ஒருநாள் தாளில் ஒரு சொட்டு விட்டு, சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தேன். நல்ல தைலம் முழுக்க ஆவியாகிவிடும். இதுவோ மறுநாளும் கறையாகவே நின்றது. ஏதோ மலிவான எண்ணெயைக் கலந்திருக்கிறார்கள்.

போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டும் என் மைத்துனன் மலைப்பக்கம் போர் போடப் போனபோது, தைலம் காய்ச்சுகிற இடத்திலேயே நேராக வாங்கி, லேபிள் இல்லாத பாட்டிலில் கொண்டுவந்தான்.

"மாமா, ஆயிரம் அடி ஓட்டை போட்டும் தண்ணியில்லீங்க. இது ஒண்ணுதான் கெடைச்சுது. பாத்துத் தொறங்க, மண்டைக்கு ஏறும்."

அதே தாளில் இரண்டாவது வட்டம் போட்டு ஒரு சொட்டு விட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், தாள் வெளுப்பாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஒண்ணையுமே காணமுங்களே," என்றாள்.

"அதுதான் சுத்தம்."

"காயிதத்துல நிக்காதது புள்ளைகிட்ட மட்டும் நிக்குமாக்கும்." சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஜலகண்டாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். நானும் மகளும் மட்டும் வீட்டில். காலையிலிருந்து மழை, சன்னல்களைச் சாத்தியிருந்தேன். எனக்கு இன்னொரு யோசனை. பெயிண்டில் ஊற்றும் டர்பன்டைன் கலந்திருந்தால் அதுவும் ஆவியாகிவிடும், தாளில் தெரியாது. மூக்குதான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பாட்டிலையும் மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பழையதில் பெயிண்டுக் கடை வாடை. புதியதில் சில்லென்ற காற்று மாதிரி ஒன்று, கண்ணில் நீர் வந்தது. நேரமாக ஆக இரண்டுமே மங்கிப்போயின.

மதியச் சோற்றுக்குப் பிறகு முடிச்சுக் கட்டினேன். புதிய தைலத்தில் பன்னிரண்டு சொட்டு. முகர்ந்து பார்த்தேன். வாசமே இல்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன், எண்ணவில்லை. ஊக்கு குத்தியதும் மகள் பொம்மையோடு உள்ளறைக்குப் போனாள்.

பிறகு வீடு அமைதியாகிவிட்டது. தூங்கிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். சமையலறைச் சுவரில் எப்போதும் ஓடும் எறும்பு வரிசையை அன்று காணவில்லை. அதைக்கூட மழையால் என்றுதான் நினைத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது மகள் உள்ளறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த வெறும் சுவரைப் பார்த்தாள்.

"அப்பா, அந்தக்கா ஏன் ஆடுது?"

"எந்தக்கா சாமி?"

ஆடியது அவள்தான். காற்றில் தொங்கும் துணி மாதிரி, மெதுவாக, இரண்டு பக்கமும்.

அப்போது கதவு தட்டப்பட்டது. மாடி வீட்டு அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க தம்பி, ஊட்டுல என்னத்தைக் கொட்டீட்டீங்க? மாடி வரைக்கும் நெடி தாங்கலீங்க."

"என்ன நெடிங்க? எனக்கு ஒண்ணும் வல்லீங்களே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். ஓடிப்போய் மகளைத் தூக்கினார். தலை அவர் தோளில் தொய்ந்து விழுந்தது. வாயருகே மூக்கை வைத்தவர், "புள்ளை மூச்சே தைலமா இருக்குது," என்றார். நானும் முகர்ந்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. காலையிலிருந்து முகர்ந்து முகர்ந்து என் மூக்கு மரத்துப்போயிருந்தது. துணி முடிச்சு எச்சிலில் ஊறிக் கசங்கியிருந்தது. நான் தூங்குகிறாள் என்று நினைத்த நேரம் முழுவதும் அதைச் சப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அக்காவின் மகன் கார் ஓட்ட, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மழைக்குள் ஊர் நடுவே நிற்கும் மலைகூடத் தெரியவில்லை.

டாக்டரம்மா எத்தனை சொட்டு என்று கேட்டார். நான் தாளைப் பற்றிச் சொன்னேன். கறையே விழவில்லை, கலப்படமில்லாதது என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

"அதனாலதான் எனக்குப் பயமா இருக்குதுங்க," என்றார். "கலப்படம் இல்லீன்னா அத்தனையும் தைலம். சின்னப் புள்ளை வயித்துக்குக் கொஞ்சம் போனாலே போதும், மயக்கமாயிரும், வலிப்புக்கூட வரலாம்."

மூக்கில் குழாய் வைத்துப் படுக்க வைத்தார்கள். மனைவி கல்யாணப் பட்டுச் சேலையோடு வந்து சேர்ந்தாள். நடந்ததைச் சொன்னேன். மகளின் தலையைத் தடவியபடி, "பழைய முடிச்சையும் சப்பத்தானுங்க செய்வா," என்றாள் மெல்ல. "பல தடவை வாயிலிருந்து புடுங்கியிருக்கறேன். ஒண்ணும் ஆனதில்லை."

நான் ஏமாற்று என்று ஒதுக்கிய கலப்படம், என் மகளை இத்தனை மழைக்காலம் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் படுக்கையருகே நாற்காலியில் உட்கார்ந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கண் விழித்துப் பால் கேட்டாள். வீட்டில் சுவரோரம் யார் நின்றார்கள் என்று கேட்டேன். அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டில் தைலம் கிடையாது. ஆனாலும் அவள் வழக்கத்தைவிட அமைதியாகத் தூங்கினால், குனிந்து அவள் மூச்சை முகர்ந்து பார்ப்பேன். ஒரு வாசமும் இருக்காது. அன்றைக்கும் எனக்கு அப்படித்தான் இருந்தது. அதனால் மனைவியைக் கூப்பிடுவேன்.

"நீ ஒருக்கா மோந்து பாரு."

அவள் என்னைக் கேலி செய்வதில்லை. கைவேலையை விட்டுவிட்டு வந்து குனிவாள்.

"ஒண்ணுமில்லீங்க. பால் வாசந்தான் வருது," என்பாள்.

அதற்குப் பிறகுதான் நான் அந்த அறையைவிட்டு வெளியே வருவேன்.