களி உருட்டும் கைக்குக் கையுறை

நாம் ஊட்டிக்கொண்டிருக்கும்போது நோயாளி நம் கையைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? அப்படியே விட்டுவிடுவதா, மெதுவாக எடுத்துக்கொள்வதா? பயிற்சியில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பன்னிரண்டாவது முடித்து, தருமபுரியில் இதற்கென்று பயிற்சி எடுத்தேன். கல்யாணம், பிள்ளை என்று இடையில் விட்டிருந்த வேலைக்கு, மகள் தவழ ஆரம்பித்த பிறகு திரும்பப் போனேன். அப்போது கிடைத்தது பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடும் ஒரு குடும்பம். அந்த வீட்டு அம்மாவுக்குப் பக்கவாதம். ஐம்பதைத் தாண்டியவர். வலது கையும் காலும் வராது, பேச்சு குழறும், இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண். மகன் லாரியோடு வெளியூர் போய்விடுவார். மருமகள் காலையிலேயே தக்காளி பறிக்கக் கிளம்புவாள். அவள் கிளம்பும் நேரத்துக்கு நான் போய்ச் சேர்வேன்.

டயபர் மாற்ற ஒரு ஜோடி கையுறை, புண்ணுக்குக் கட்டுப் போட வேறு ஜோடி. முகக்கவசம், முன்பக்கம் கட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் ஏப்ரன். கையுறையைக் கழற்றும்போது அதன் வெளிப்பக்கம் நம் தோலில் படாமல், உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி உருவ வேண்டும். கழற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எல்லாம் சரியாகத்தான் செய்வேன். ஆனால் பஸ் ஏறி உட்கார்ந்ததும், உருவும்போது விளிம்பு மணிக்கட்டில் பட்டதோ என்று தோன்றும். வீட்டுக்குப் போனதும் மகள் என்னைப் பார்த்துத் தவழ்ந்து வருவாள். நான் அவளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், குளித்து உடை மாற்றிய பிறகுதான் தூக்குவேன். அதுவரை அவள் அழுவாள். மாமியார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்றும் யோசிப்பேன்.

ஊட்டுவதற்குக் கையுறை தேவையில்லை, நன்றாகக் கழுவிய கை போதும் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு மதியம் களிதான். சோறு போட்டால் வாயைத் திறக்கமாட்டார். விழுங்குவதில் சிரமமில்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லியிருந்ததால், களியைக் குழைவாகக் கிண்டி மருமகள் மூடிவைத்துவிட்டுப் போவாள். நான் விரலைத் தண்ணீரில் நனைத்து, சின்னச் சின்னதாக உருட்டி, கீரைக் குழம்பில் தோய்த்துக் கொடுப்பேன். ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் அவர் தன் இடது கையால் என் இடது கையைப் பிடித்துக்கொள்வார். கீழே போனதும் பிடி தளரும். அடுத்த உருண்டைக்கு வாய் திறக்கும்.

கொஞ்ச நாளில் அந்த இடது மணிக்கட்டிலும் இடுப்பிலும் சின்னச் சின்னப் பொரிகள் கண்டேன். இரவில் தூங்காமல் சொறிகிறார் என்று மருமகள் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சொறிசிரங்கு, தொட்டால் ஒட்டும், வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மருமகள் மாமியாருக்கு மட்டும் பூசிவிட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

என்னை வேலைக்கு அனுப்பும் சிஸ்டரிடம் போனில் கேட்டேன். குணமாகும்வரை அவரைத் தொடும்போதெல்லாம் கையுறை போடு, கை முழுக்க மூடியிரு என்றார். என் ஏப்ரனுக்குக் கை கிடையாது. இதைச் சொன்னதும் மருமகள் சுவரில் ஆணியைக் காட்டினாள். தக்காளி பறிக்கப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். செடி கையைக் கீறாது, கறையும் படாது. அப்படி இரண்டு சட்டைகள் அங்கே தொங்கின. எது முதலில் கைக்கு வருகிறதோ அதை அவள் மாட்டிக்கொண்டு போவாள். மற்றதை என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். நல்ல யோசனையாகப் பட்டது. மணிக்கட்டுவரை பித்தான் போட்டு, அதன் மேல் கையுறையை இழுத்துவிட்டேன்.

அன்று மதியம்தான் சிக்கல். கையுறையில் களி ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் நனைத்தாலும் உருளவில்லை, விரலுக்கு விரல் நூலாக இழுத்தது. ஒருவாறு திரட்டிக் கொடுத்ததை அந்த அம்மா துப்பினார். ரப்பர் நாற்றம் அடிக்கிறதாம். ஸ்பூனை எடுத்தேன். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் கையுறையைக் கழற்றி, கை கழுவி, வெறும் கையால் உருட்டினேன். முதல் வாய் விழுங்கும்போது அவருடைய கை என் கையைத் தேடி வந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. வாயை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். பாதிக் களி தட்டிலேயே காய்ந்தது. சாப்பாடு உள்ளே போகாவிட்டால் புண் எப்படி ஆறும்? இழுக்காமல் இருந்திருக்கலாமோ என்று போகும் வழியெல்லாம் நினைத்தேன். வீட்டில் மகள் தவழ்ந்து வந்தபோது இழுத்தது சரிதான் என்றும் நினைத்தேன்.

மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்தேன். உருட்டும் வலது கைக்குக் கையுறை வேண்டாம், அவர் பிடிக்கும் இடது கைக்கு மட்டும் கையுறை. அவர் அதைப் பிடித்தார். விரல் நுனியில் தொளதொளவென்று இருந்த ரப்பரைக் கிள்ளிப் பார்த்தார்.

“இது உன் கையா, கண்ணு?” என்றார்.

ஆமாம் என்றேன். சாப்பிட்டார். ஆனால் முதல் சில வாய்க்குப் பிறகு என் கையைப் பிடிக்கவில்லை, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் தக்காளி விலை இறங்கிவிட்டதென்று பறிப்பு இல்லை. மருமகள் வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தினமும் செடியின் பச்சைக் கறை ஏறிக் கருத்திருக்கும் விரல்கள் அன்று வெளுத்திருந்தன. விரல் இடுக்குகளில் அதே பொரிகள். ஆயும்போதே சொறிந்துகொண்டாள்.

எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டேன்.

“இது தக்காளிச் செடி அரிப்புங்க்கா. பறிக்கறவங்க எல்லாருக்கும் இருக்கும்.”

மருந்து பூசினாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பறிக்கப் போகும் வண்டியில் எல்லோரும் ஒட்டி உட்கார்ந்துதான் போக வேண்டும், சாப்பாட்டையும் பகிர்ந்துதான் சாப்பிடுவார்கள், சிரங்கு மருந்து பூசினாள் என்று தெரிந்தால் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்களாம்.

எனக்குக் காதில் பாதிதான் விழுந்தது. நான் என் மேல் கிடந்த சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று எதை அவள் போட்டாள், எதை நான் போட்டேன்? அங்கேயே பித்தானைக் கழற்றினேன். அவள் முகம் மாறிவிட்டது. தவழுகிற பிள்ளை இருக்கிறது என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. அதை எப்படிச் சொன்னேன், கடுமையாகச் சொன்னேனா என்று இன்னமும் தெரியவில்லை.

கட்டிலிலிருந்து அந்த அம்மாதான் பேசினார். குழறினாலும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

“நான் சிரங்கு புடிச்சவ. நீ தக்காளி புடிச்சவளா? போயி பூசு.”

மருமகள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “வூட்டுக்குள்ளயே இருக்கட்டும்க்கா, வெளிய சொல்லிடாதீங்க” என்றாள். நான் சொல்லவில்லை. லாரியிலிருந்து அவள் கணவர் திரும்பியதும் மூன்று பேரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொண்டார்கள். சட்டை, போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டோம்.

யாருக்குச் சிரங்கு என்று சொல்லாமல், சட்டையைப் பற்றி மட்டும் சிஸ்டரிடம் கேட்டேன். துணி வழியாக ஒட்டுவது குறைவுதான், ஆனாலும் அடுத்தவர் போட்ட சட்டையைப் போடாதே என்றார். அந்தக் குறைவு எவ்வளவு குறைவு என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. மகளின் கழுத்தில் பொரி கண்டதும் டாக்டரிடம் ஓடினேன். வேர்க்குரு என்றார். வீட்டில் எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அதற்குப் பிறகும் பல வாரங்கள் அவள் தூங்கும்போது உள்ளங்கையையும் விரல் இடுக்கையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவரின் முழுக்கைச் சட்டை ஒன்று இப்போது இந்த வேலைக்கு மட்டும். தனிப் பையில் வரும், அன்றே துவைக்கப்படும், வேறு யாரும் தொடமாட்டார்கள்.

அந்த அம்மாவுக்குச் சிரங்கு ஆறிவிட்டது, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, இடது கைக்கும் கையுறை இல்லாமல் களியோடு உட்கார்ந்தேன். அவர் உடனே பிடிக்கவில்லை. என் கையைப் பார்த்தார், கட்டில் விளிம்பைப் பார்த்தார். கடைசி உருண்டைக்குத்தான் பிடித்தார்.

அடுத்த மாதம் எனக்கு வேறு வீடு. அங்கே இருக்கும் பெரியவருக்கும் உடம்பெல்லாம் அரிப்பு, என்னவென்று இன்னும் பார்க்கவில்லை என்கிறார்கள். என் சட்டையையும் கையுறையையும் எடுத்து வைத்துவிட்டேன். ஊட்டும்போது அவரும் கையை நீட்டினால் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. இந்த வேலை செய்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? படுக்கையில் கிடந்து எழுந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் சொல்லுங்கள். ரப்பர் போட்ட கையைப் பிடித்துக்கொள்வது உங்களுக்குப் போதுமானதாக இருந்ததா? இல்லையென்றால், கையைக் கொடுக்க முடியாத நாளில் உங்களிடம் முன்கூட்டி என்ன சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொள்ளாமல் சாப்பிட்டிருப்பீர்கள்?